பழைய டிராக்டர் கண்காட்சிகள் (அமெரிக்க நடுமேற்கு)

பழைய டிராக்டர் கண்காட்சி என்பது, வயல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட டிராக்டர்கள், நீராவி எஞ்சின்கள், கதிரடி இயந்திரங்கள் ஆகியவற்றை அவற்றின் உரிமையாளர்கள் ஓரிடத்தில் கொண்டுவந்து இயக்கிக் காட்டும் கிராமப்புறக் கூடுகை ஆகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுமேற்கு மாநிலங்களான அயோவா, இல்லினாய், ஓஹியோ, மின்னசோட்டா முதலியவற்றில் இவை பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நடக்கின்றன. இவற்றை நடத்துவோரில் பெரும்பாலானவர்கள் ஊதியம் பெறாமல் உழைக்கும் உள்ளூர்க் குடும்பத்தினர். அருங்காட்சியகத்தில் இயந்திரம் நின்றுகொண்டிருக்கும்; இங்கே அது வேலை செய்யும்.

இந்தக் கண்காட்சிகளின் வரலாற்றில் ஒரு முரண் உள்ளது. ஊர் கூடிச் செய்த கதிரடிப்பை முடிவுக்குக் கொண்டுவந்ததில் டிராக்டருக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று அதே ஊர்களில் மக்களை மீண்டும் ஒன்றுகூட்டுவதும் அந்தப் பழைய டிராக்டர்தான்.

ஊர் கூடிக் கதிரடித்த காலம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடுமேற்கில் கோதுமையும் ஓட்ஸும் நீராவி எஞ்சினின் துணையோடு கதிரடிக்கப்பட்டன. விஸ்கான்சின் மாநிலம் ரசீன் நகரில் இயங்கிய ஜே. ஐ. கேஸ் நிறுவனம் இவ்வகை எஞ்சின்களை மிகுதியாகச் செய்து விற்றது. ஒரு நீராவி எஞ்சினையும் கதிரடி இயந்திரத்தையும் வாங்குவது சாதாரண உழவர் ஒருவரின் சக்திக்கு மீறியது. எனவே அவற்றை வைத்திருந்த ஒருவர் பண்ணை பண்ணையாகச் சென்று கூலிக்குக் கதிரடித்துக் கொடுத்தார். சுற்றியிருந்த குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, முறை வைத்து ஒவ்வொருவர் பண்ணையிலும் வேலை செய்தன. இக்குழுவிற்குக் கதிரடி வளையம் என்று பெயர்.

எஞ்சினின் பெரிய சக்கரத்திலிருந்து கதிரடி இயந்திரத்திற்கு நீண்ட பெல்ட் ஓடும். எஞ்சினிலிருந்து பறக்கும் தீப்பொறி வைக்கோலில் விழாமல் இருக்க இந்த இடைவெளி தேவைப்பட்டது. ஒருவர் எஞ்சினைப் பார்த்துக்கொள்ள, மற்றொருவர் தண்ணீர் வண்டி ஓட்ட, பலர் கதிர்க்கட்டுகளை ஏற்றி இறக்குவார்கள். தண்ணீர் தீர்ந்தாலும் வேலை நின்றாலும் நீராவி ஊதல் ஒலித்து அறிவிக்கும். அன்றைக்கு யார் பண்ணையில் வேலையோ, அந்த வீட்டுப் பெண்கள் அக்கம்பக்கத்துப் பெண்களின் உதவியோடு எல்லோருக்கும் சமைத்தார்கள்.

டிராக்டர் வந்த வழி

1892இல் அயோவாவைச் சேர்ந்த ஜான் ஃப்ரோலிக் என்பவர் பெட்ரோலில் இயங்கி, முன்னும் பின்னும் நகரக்கூடிய எஞ்சின் வண்டி ஒன்றைச் செய்து, அதைத் தெற்கு டகோட்டாவிற்குக் கொண்டுசென்று கதிரடித்துக் காட்டினார். அவரோடு தொடங்கிய முயற்சி பின்னர் வாட்டர்லூ நகரில் நிறுவனமாக வளர்ந்து, "வாட்டர்லூ பாய்" என்ற டிராக்டரைத் தந்தது. அந்த நிறுவனத்தை 1918இல் ஜான் டீர் நிறுவனம் வாங்கியது. அதே மாநிலத்தின் சார்லஸ் சிட்டியில் ஹார்ட்-பார் நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டிராக்டர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

1917இல் ஹென்றி ஃபோர்டின் ஃபோர்டுசன் வந்தது. காரைப் போலவே இதையும் பெருமளவில் உற்பத்தி செய்ததால் விலை குறைந்தது. 1922இல் அது 395 டாலருக்கு விற்கப்பட்டது. ஆனால் சந்தையில் தரமற்ற டிராக்டர்களும் இருந்தன. மினியாபொலிசில் ஒரு நிறுவனம், ஃபோர்டு என்ற பெயர் கொண்ட ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, அந்தப் பெயரிலேயே டிராக்டர் விற்றது. அதை வாங்கி ஏமாந்த வில்மட் குரோசியர் என்ற உழவர் பிறகு நெப்ராஸ்கா சட்டமன்ற உறுப்பினரானார். அவருடைய முயற்சியால் 1919இல் ஒரு சட்டம் வந்தது. நெப்ராஸ்காவில் விற்கப்படும் டிராக்டர் மாதிரி எதுவும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். 1920இல் தொடங்கிய அந்தச் சோதனையின் முடிவுகள், பழைய டிராக்டர் ஒன்றின் உண்மையான திறன் என்ன என்பதை அறிய இன்றும் பயன்படுகின்றன.

தொடக்ககால டிராக்டர்கள் உழவும், பெல்ட் ஓட்டவும் மட்டுமே ஏற்றவை. வளர்ந்துவரும் மக்காச்சோள வரிசைகளுக்கு இடையே களையெடுக்க அப்போதும் குதிரைகளே வேண்டியிருந்தன. 1924இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் கொண்டுவந்த ஃபார்மால், உயர்ந்த உடலும் குறுகிய முன்சக்கர அமைப்பும் கொண்டது. பயிரை மிதிக்காமல் வரிசைகளுக்கு இடையே சென்றது. 1932இல் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் இரும்புச் சக்கரத்திற்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் டயரைப் பண்ணை டிராக்டரில் பொருத்தியது.

1939இல் வந்த ஃபோர்டு 9என் டிராக்டரில் ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய மூன்று புள்ளி இணைப்பு இருந்தது. கலப்பையை மூன்று இடங்களில் டிராக்டரோடு பிணைத்து, ஹைட்ராலிக் விசையால் தூக்கவும் இறக்கவும் செய்யும் முறை இது. தமிழ்நாட்டு வயல்களில் இன்று ஓடும் டிராக்டர்களின் பின்புறத்திலும் இதே அமைப்பைப் பார்க்கலாம். சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் தயாரித்த மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களின் பெயரில் உள்ள ஃபெர்குசன் இவரே.

கலைந்த குழுக்கள்

அறுவடையையும் கதிரடிப்பையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கும் கம்பைன் இயந்திரம், டிராக்டரால் இழுக்கத்தக்க சிறிய அளவில் 1930களில் சாதாரண உழவர்களையும் எட்டியது. தந்தையும் மகனும் மட்டுமே ஒரு பண்ணையின் அறுவடையை முடிக்க முடிந்தது. அண்டை வீட்டாரை அழைக்க வேண்டிய தேவை போனது. கதிரடி வளையங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. இரண்டாம் உலகப் போரின்போது நடந்த பழைய இரும்புச் சேகரிப்பில் எண்ணற்ற நீராவி எஞ்சின்கள் உடைத்து உருக்கப்பட்டன.

மாற்றத்தின் அளவை எண்களே சொல்லும். 1920இல் அமெரிக்கப் பண்ணைகளில் ஏறத்தாழ 2.5 லட்சம் டிராக்டர்கள் இருந்தன. 1950இல் அவை 30 லட்சத்தைத் தாண்டின. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமார் 2.5 கோடியாக இருந்த குதிரைகளும் கோவேறு கழுதைகளும் 1960 வாக்கில் சுமார் 30 லட்சமாகக் குறைந்தன. 1935இல் சுமார் 68 லட்சமாக இருந்த பண்ணைகளின் எண்ணிக்கை இன்று 20 லட்சத்திற்கும் கீழே வந்துவிட்டது. உடல் நோகும் வேலை குறைந்தது உண்மை. ஊரில் ஆள் குறைந்ததும் அதே அளவு உண்மை.

கண்காட்சிகளின் தோற்றம்

நீராவி எஞ்சினோடு வாழ்ந்தவர்கள் முதுமையை எட்டிய 1940களில்தான் முதல் கூடுகைகள் தொடங்கின. பென்சில்வேனியாவின் கின்சர்ஸ் என்னும் ஊரில் 1948 முதலும், அயோவாவின் மவுண்ட் பிளசன்ட் நகரில் 1950 முதலும், மின்னசோட்டாவின் ரோலாக் என்னும் சிற்றூரில் 1954 முதலும் இவை நடந்துவருகின்றன. மவுண்ட் பிளசன்ட், ரோலாக் கண்காட்சிகள் செப்டம்பர் முதல் திங்கட்கிழமையான தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி நடக்கின்றன. மவுண்ட் பிளசன்ட் கூடுகையின் பெயரிலேயே "பழைய கதிரடிப்போர் மறுசந்திப்பு" என்ற பொருள் உள்ளது. பொருட்காட்சி என்பதைவிட, பிரிந்தவர்கள் மீண்டும் சந்திப்பது என்பதே அவர்கள் நோக்கமாக இருந்தது.

தொடக்கத்தில் நீராவி எஞ்சின்களே முதன்மை பெற்றன. காலம் செல்லச் செல்ல, நீராவியைக் கண்டறியாத தலைமுறை தன் இளமையில் ஓட்டிய பெட்ரோல் டிராக்டர்களைக் கொண்டுவரத் தொடங்கியது.

கண்காட்சியில் நடப்பவை

அணிவகுப்பு, கதிரடிப்பு, மரம் அறுத்தல், உழவு, இழுவைப் போட்டி, பழைய உதிரிபாகச் சந்தை ஆகியவை பொதுவான நிகழ்ச்சிகள். சிறுவர்களுக்கு மிதித்து ஓட்டும் சிறு டிராக்டரில் பாரம் இழுக்கும் போட்டி உண்டு. யார் கடைசியாக வந்து சேர்கிறாரோ அவரே வெற்றி பெறும் மெதுவோட்டப் போட்டியும் உண்டு. எஞ்சினை அணையவிடாமல் குறைந்த வேகத்தில் ஓட்டுவதில் ஓட்டுநரின் திறமை தெரியும்.

பழகியவர்கள் கண்ணால் பார்க்கும் முன்பே காதால் இயந்திரத்தை அடையாளம் காண்பார்கள். ஜான் டீர் நிறுவனம் 1960 வரை செய்த இரு சிலிண்டர் டிராக்டர்களில் இரு வெடிப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி சமமாக இருக்காது. அதனால் எழும் விட்டுவிட்டு ஒலிக்கும் "பட்-பட்" ஓசைக்காக அவற்றை "ஜானி பாப்பர்" என்று செல்லமாக அழைப்பர். நிறமும் ஓர் அடையாளமே: பச்சை என்றால் ஜான் டீர், சிவப்பு என்றால் ஃபார்மால், ஆரஞ்சு என்றால் அல்லிஸ்-சால்மர்ஸ். எந்த நிறம் சிறந்தது என்ற வாதம் பல குடும்பங்களில் தாத்தா காலத்திலிருந்து தொடர்கிறது.

வண்ணம் பூசிப் புதிதாக்குவதா, துருவும் தேய்மானமும் தெரிய அப்படியே விடுவதா என்பது ஆர்வலர்களிடையே நிலவும் மற்றொரு விவாதம். பல வேளைகளில் சீரமைக்க ஆகும் செலவு டிராக்டரின் சந்தை விலையைத் தாண்டிவிடுகிறது. ஆனால் ஒருவர் தேடிப் பிடித்து வாங்குவது எப்போதோ ஏலத்தில் போன தன் தந்தையின் டிராக்டராக இருந்தால், அங்கே விலைக்கணக்கு செல்லாது.

குடும்பமும் நேரமும்

உழவர் குடும்பங்களுக்கு நேரம்தான் அரிய பொருள். அமெரிக்கப் பண்ணைக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றிற்குப் பண்ணைக்கு வெளியேயும் வருமானம் உண்டு. கணவனோ மனைவியோ, சில வீடுகளில் இருவருமோ வேறு வேலைக்குச் செல்கின்றனர். கால்நடை வைத்திருப்போர் காலை மாலை வேலையை ஒருநாளும் தள்ளிப்போட முடியாது. ஆகவே கண்காட்சிகளின் நாட்களும் பயிரின் காலத்தை ஒட்டியே அமைகின்றன. கோதுமை அறுவடை முடிந்து, மக்காச்சோளம், சோயா அறுவடை தொடங்குவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியில் பெரும்பாலானவை நடக்கின்றன.

பார்வையாளருக்குத் தெரியாத வேலை நிறைய உண்டு. செப்டம்பரில் கதிரடித்துக் காட்ட வேண்டுமானால், ஜூலையிலேயே பழைய கட்டு இயந்திரத்தால் ஓட்ஸை அறுத்து, கட்டுக்கட்டாக உலர்த்தி, மழை படாமல் சேமித்து வைக்க வேண்டும். கம்பைன் அறுத்த பயிர் இதற்குப் பயன்படாது. மாலையில் வேலை முடிந்து வந்தபின் கார்புரேட்டரைக் கழுவுவதும், குளிர்காலத்தில் கொட்டகையில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதும், உணவுக்கூடத்தில் பரிமாறுவதும், வாகனம் நிறுத்தும் இடத்தில் வழிகாட்டுவதும் குடும்பத்தினர் பகிர்ந்துகொள்ளும் வேலைகளே. முன்பு கதிரடி வளையத்தில் இருந்த வேலைப் பங்கீடு இங்கே வேறு வடிவில் தொடர்கிறது.

பாதுகாப்பு

பழைய இயந்திரம் விளையாட்டுப் பொருள் அல்ல. 2001 ஜூலை 29 அன்று ஓஹியோ மாநிலம் மெடினாவில் கண்காட்சித் திடலுக்கு வந்த நீராவி எஞ்சின் ஒன்றின் கொதிகலன் வெடித்து 5 பேர் இறந்தனர், பலர் காயமடைந்தனர். கொதிகலனில் தீ எரியும் அறையின் மேல்தகடு எப்போதும் நீரால் மூடப்பட்டிருக்க வேண்டும். நீர் குறைந்தால் தகடு பழுக்கக் காய்ந்து வலுவிழக்கும். அழுத்தம் அதைக் கிழித்துவிடும். மெடினாவில் நீர் குறைந்திருந்ததும், பழைய தகடு மெலிந்திருந்ததும் விசாரணையில் வெளிவந்தன. அதன் பின் ஓஹியோவில் இத்தகைய கொதிகலன்களைச் சோதிப்பதும், இயக்குவோர் உரிமம் பெறுவதும் சட்டமாயின.

பெட்ரோல் டிராக்டர்களிலும் ஆபத்து உண்டு. டிராக்டர் கவிழ்வது அமெரிக்கப் பண்ணை மரணங்களுக்கு முக்கியக் காரணம். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் பழைய டிராக்டர்களில் இல்லை. சுழலும் பெல்ட்டின் அருகே தளர்ந்த ஆடையோடு நிற்கக் கூடாது, ஒருவர் அமரும் டிராக்டரில் குழந்தையை ஏற்றக் கூடாது போன்ற விதிகள் இதனால்தான் வலியுறுத்தப்படுகின்றன.

கைமாறும் அறிவு

இயந்திரத்தைக் கொட்டகையில் பூட்டி நூறு ஆண்டு வைத்திருக்கலாம். அதை இயக்கும் அறிவை அப்படிப் பூட்டி வைக்க முடியாது. கொதிகலனின் நீர்மட்டத்தைப் பார்த்து எப்போது நீர் விடுவது, முறுக்கிய பெல்ட் கழன்றுவிடாமல் எஞ்சினை எந்தக் கோட்டில் நிறுத்துவது, கைப்பிடியைச் சுழற்றும்போது எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கையை எப்படிக் காத்துக்கொள்வது ஆகியவற்றைப் புத்தகத்தில் படிக்கலாம்; ஆனால் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று செய்யவைத்தால்தான் கைக்கு வரும். இதை உணர்ந்தே ரோலாக் போன்ற இடங்களில் நீராவி எஞ்சின் இயக்கக் கற்றுத்தரும் வகுப்புகள் நடத்தப்படுகின்றன.

முதல் கூடுகைகளைத் தொடங்கியவர்கள் இன்று இல்லை. அவர்களிடம் கற்றவர்களும் முதியவர்களாகிவிட்டனர். இளையோர் பலர் வேலை தேடி நகரம் சென்றுவிட்ட ஊர்களில், எஞ்சினைவிட அதை ஓட்டத் தெரிந்தவர்களே அரியவர்களாகி வருகின்றனர். ஓர் இளைஞர் தம் வேலைகளுக்கு நடுவே ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, மூத்தவர் ஒருவரின் அருகில் நின்று நெம்புகோலைப் பிடிக்கும்போது, அந்த அறிவு இன்னொரு தலைமுறைக்கு நீள்கிறது. பழைய டிராக்டர் கண்காட்சிகளின் எதிர்காலம் அந்த ஒதுக்கப்படும் நேரத்தைப் பொறுத்தே அமையும்.