பழசும் கழிவும்

எது 'பழைய பொருள்', எது 'கழிவு'? இதை யார் சொல்றது? மின்னணுக் கழிவு வர்த்தகத்தின் வரலாற்றை நான் இந்தக் கேள்வியிலிருந்தே வாசிக்கிறேன்.

1989இன் பாசல் உடன்படிக்கை, அபாயக் கழிவை அனுப்புமுன் பெறும் நாட்டின் சம்மதம் வேண்டும் என்றது. வளர்ந்த நாடுகள் ஏழை நாடுகளுக்கு அதை அனுப்பவே கூடாது என்ற திருத்தம் 1995இல் ஏற்கப்பட்டது. அமலுக்கு வந்தது 2019இல். இருபத்துநான்கு ஆண்டுகள் சட்டம் காத்திருந்தது, கப்பல் காத்திருக்கவில்லை. 'ரிப்பேர் பண்ணிக்கலாம்' என்று சீட்டு ஒட்டினால் போதும், கழிவு சரக்காகிவிடும்.

கானாவைப் பார்ப்போம். பழைய ஃபிரிட்ஜ், ஏசி இறக்குமதியை 2008இன் விதிகள் தடைசெய்தன. ஃபிரிட்ஜ் தடை 2013இல் அமலானது. கரண்டைக் குடிக்கும் பெட்டி, ஓசோனைத் தின்னும் வாயு. ஐரோப்பா ஒதுக்கியதற்கு அக்ராவின் ஏழை ஏன் பில் கட்டணும்? தடை நியாயமானதுதான். 2016இல் வந்த சட்டம், இறக்குமதியாகும் மின்னணுப் பொருள்கள்மீது, புதுசானாலும் பழசானாலும், கழிவு மேலாண்மைக்கென வரி போட்டது.

ஆனால் 2021 ஜூலையில் அக்ராவின் அக்போக்ப்ளோஷி காயலான் சந்தையை அரசு இடித்தது. செம்புக்காக வயரை எரித்தவர்களும், பழசைப் பழுதுபார்த்து விற்றவர்களும் சேர்ந்தே துரத்தப்பட்டார்கள். எரிப்பது உயிரைக் குடிக்கிற வேலை, சந்தேகமில்லை. ஆனால் பழுதுபார்ப்பவர் கழிவைப் பெருக்குகிறவர் அல்ல, தள்ளிப்போடுகிறவர்.

2025 முதல் அபாயமற்ற மின்னணுக் கழிவுக்கும் முன்சம்மதம் கட்டாயம். நல்லது. ஆனால் சம்மதிப்பது அரசு. நச்சைச் சுவாசிப்பது வேறொருவர். துறைமுகத்தில் போடவேண்டிய பூட்டைக் காயலான் கடையில் போடுவதற்குப் பெயர் ஒழுங்குமுறை இல்லை.