இரண்டாவது மாத்திரை எப்படி வந்தது?

நீரிழிவு நோயாளி ஒருவருக்கு அரசாங்க கிளினிக்கில் மெட்ஃபோர்மினுடன் கிளிக்லசைடு என்ற இன்னொரு மாத்திரையையும் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், வீட்டில் கவலை குடிபுகுந்து விடும். "நோய் முத்திப் போச்சு போல", "இத்தனை மருந்து சாப்பிட்டா கிட்னி என்னத்துக்கு ஆகும்?" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். யாரிடமும் சொல்லாமல் இரண்டில் ஒன்றை நிறுத்தி விடுபவர்களும் உண்டு. இவ்விரு மருந்துகளும் ஒரே நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்த வரலாறு தெரிந்தால், இந்தப் பயத்தில் எது நியாயம், எது வீண் என்பது விளங்கும்.

முதல் கதை 1942-இல், பிரான்சின் மோம்பெல்லியே நகரில் தொடங்குகிறது. அங்கு மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர் டைஃபாய்டு காய்ச்சலுக்காக ஒரு புதிய சல்ஃபா மருந்தைச் சோதித்துக் கொண்டிருந்தார். மருந்து உட்கொண்ட சிலருக்கு வலிப்பு வந்தது, நினைவு தப்பியது, சிலர் இறந்தும் போனார்கள். இரத்தத்தில் சர்க்கரை அளவு மிகவும் இறங்கியதே காரணம் எனத் தெரிய வந்தது. அதே நகரைச் சேர்ந்த ஆகுஸ்த் லூபதியே நாய்களிடம் இதை ஆராய்ந்தார். கணையம் அகற்றப்பட்ட நாயிடம் அந்த மருந்து பலிக்கவில்லை. அப்படியானால், இது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து என்பதே அவர் கண்ட முடிவு. 1950-களின் நடுவில் ஜெர்மனியில் இவ்வகை மாத்திரைகள் நோயாளிகளுக்குக் கிடைத்தன. இன்றைய கிளிக்லசைடு அந்தக் குடும்பத்தின் பின்னாளைய வாரிசுதான்.

மெட்ஃபோர்மினின் கதை வேறு. ஐரோப்பாவில் ஆட்டு ரூ என்றழைக்கப்பட்ட ஒரு செடியில் இருந்த பொருளை ஒட்டிப் பிறந்த வேதியியல் குடும்பம் அது. 1922-இல் டப்ளினில் தயாரிக்கப்பட்டும் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பிலிப்பீன்ஸில் ஒரு மருத்துவர் அதைச் சளிக்காய்ச்சலுக்குக் கூடப் பயன்படுத்திப் பார்த்தார். பிறகு பாரிஸைச் சேர்ந்த ஜான் ஸ்டெர்ன் நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்து, 1957-இல் முடிவுகளை வெளியிட்டார். குளுக்கோஃபாஜ், அதாவது 'சர்க்கரை தின்னி' என்ற பெயர் அவர் சூட்டியதே. இம்மருந்து கணையத்தைத் தூண்டுவதில்லை. கல்லீரல் அளவுக்கு மீறிச் சர்க்கரையை இரத்தத்தில் விடுவதைத்தான் முக்கியமாகக் கட்டுப்படுத்துகிறது.

ஒன்று கணையத்தில் வேலை செய்கிறது, மற்றது கல்லீரலில். இரண்டையும் சேர்க்கலாமே என்ற எண்ணம் ஐரோப்பிய மருத்துவர்களுக்கு அப்போதே வந்து விட்டது. ஆனால், அதே குடும்பத்தின் ஃபென்ஃபோர்மின் என்ற மருந்து இரத்தத்தில் அமிலத்தைத் தேங்க வைத்து உயிர்களைப் பறித்ததால், 1977-இல் அமெரிக்க அரசு அதைத் தடுத்தது. தம்பி செய்த தவறுக்கு அண்ணன் தண்டனை அனுபவித்த கதையாக, மெட்ஃபோர்மினும் அமெரிக்காவில் 1994 டிசம்பர் வரை அனுமதிக்கப்படவில்லை. 'கிட்னி' பயத்தின் வேரும் ஓரளவு இங்கேதான் இருக்கிறது. மெட்ஃபோர்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்திருந்தால் மருந்து உடலில் தங்கிவிடும் என்பதால்தான், மருத்துவர்கள் இரத்தச் சோதனை செய்து அளவைக் குறைக்கிறார்கள், தேவைப்பட்டால் நிறுத்துகிறார்கள்.

சேர்க்கைக்கு உறுதியான சான்று 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் கிடைத்தது. கணையத்தைத் தூண்டும் மாத்திரை போதாமல் போன நோயாளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். பழைய மாத்திரையை விட்டு மெட்ஃபோர்மினுக்கு மாறியவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மட்டும் 'எச்பிஏ1சி' எனப்படும் மூன்று மாதச் சராசரி அளவு 7.1 விழுக்காடானது. பழைய மாத்திரையிலேயே இருந்தவர்களுக்கு அது 8.7. ஒன்றை விட்டு ஒன்றைச் சாப்பிடும் வீட்டு வைத்தியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏன் ஒன்று போதாமல் போகிறது? 1977-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் டர்னர் தலைமையில் பிரிட்டனில் தொடங்கி, 5,102 நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. ஒரே மருந்தில் இருந்தவர்களில் மூன்று ஆண்டுக்குப் பின் ஏறத்தாழ பாதிப் பேர்தான் 7 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தார்கள். ஒன்பது ஆண்டுக்குப் பின் கால்வாசிப் பேரே. நோயாளி வாயைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் கணையத்தின் சுரக்கும் சக்தி ஆண்டுதோறும் குறைந்து கொண்டே வருகிறது. இரண்டாவது மாத்திரையைப் பார்த்ததும் "நீங்க சோற்றைக் குறைக்கல" என்று வீட்டில் பழி சொல்வது பல நேரங்களில் அநியாயம்.

அதே ஆய்வு ஓர் அதிர்ச்சியையும் கொடுத்தது. 1998-இல் வெளியான முடிவில், 537 பேர் கொண்ட ஒரு சிறு பிரிவில் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களிடையே நீரிழிவு தொடர்பான மரணங்கள் அதிகமாக இருந்தன. மருத்துவ உலகம் கலங்கியது. மற்ற நோயாளிகளின் கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த ஆபத்து தென்படவில்லை. ஆயினும் அதைப் பூசி மெழுகாமல் அறிக்கையிலேயே எழுதி வைத்தார்களே, அது பாராட்டுக்குரியது.

பிறகு வந்தவை பல. சில ஏமாற்றின, ரோசிகிளிட்டசோன் இருதயத்துக்கு ஆபத்து என்ற ஐயத்தால் ஐரோப்பாவில் 2010-இல் நிறுத்தப்பட்டது. சிறுநீரின் வழியே சர்க்கரையை வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின், இருதய நோயுள்ள நீரிழிவாளர்களிடையே இருதய மரணத்தை 38 விழுக்காடு குறைத்ததாக 2015-இல் தெரிய வந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மெட்ஃபோர்மின் சாப்பிட்டு வந்தவர்கள். எனவே, இரண்டாவது மாத்திரை எது என்பதை இப்போது சர்க்கரை அளவை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. இருதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்கிறார்கள். 2019-இல் வெளியான வெரிஃபை ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. முதல் மருந்து தோற்கும்வரை காத்திராமல் ஆரம்பத்திலேயே வில்டாகிளிப்டினையும் சேர்த்தவர்களில் 43.6 விழுக்காட்டினருக்கே ஐந்தாண்டில் சிகிச்சை போதாமல் போனது. மெட்ஃபோர்மினில் மட்டும் தொடங்கியவர்களில் அது 62.1 விழுக்காடு.

எச்சரிக்கை தேவைப்படும் இடமும் உண்டு. கணையத்தைத் தூண்டும் மாத்திரையைச் சாப்பிட்டு விட்டு உணவைத் தவிர்த்தால், மோம்பெல்லியே நோயாளிகளுக்கு நேர்ந்தது போலவே சர்க்கரை இறங்கிவிடும். விரதத்துக்கு முன்பே மருத்துவரைக் கேட்பது அதற்காகத்தான். இரு மருந்துகளை ஒரே மாத்திரைக்குள் அடக்கியவையும் 2000-ஆம் ஆண்டுக்குப் பின் பெருகிவிட்டன. புதிய பெட்டி வந்த பிறகும் பழைய மெட்ஃபோர்மினைத் தனியாக விழுங்கிக் கொண்டிருக்கும் தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லாப் பெட்டிகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டலாம்.