சிட்டத்துக்குள் ஓடும் சாயம்

ஆரணிப் பட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஜாகீர் ஆட்சியையும் தறியையும் தாண்டி அதிகம் போவதில்லை. பட்டுக்குப் பேர் வாங்குவதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டில், இந்த ஊரின் மெல்லிய பருத்தித் துணி 'ஆரணி மஸ்லின்' என்று கடல் கடந்து பேசப்பட்டதைச் சேர்த்துக்கொள்வார்கள். சாயக்காரருக்குக் கிடைப்பது ஓரிரு வரிதான். அது நியாயமில்லை. நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளுக்குள் திரவத்தைச் சீராகச் செலுத்துவது எவ்வளவு கடினம் என்பதை இயற்பியல் 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் கணக்காக எழுதியது. சாயப் பட்டறை அதைக் கைப்பழக்கத்தால் முன்பே சமாளித்துவந்தது.

கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால்வாசி செரிசின் என்னும் பசை. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அது போனபிறகுதான் நூல் மென்மையாகிச் சாயத்தை ஏற்கும். பிறகு சிட்டத்தை, அதாவது சுற்றிக் கட்டிய நூல்கட்டை, கழியில் மாட்டிச் சாயத்தில் இறக்குகிறார்கள். மேல்பாதி கீழே வரும்படி திருப்புகிறார்கள், தூக்குகிறார்கள், மறுபடி இறக்குகிறார்கள். பார்ப்பவருக்கு வெறும் உடலுழைப்பாகத் தெரியும். ஆனால் சிட்டத்தில் கட்டுப்போட்ட இடம் இறுக்கம், மற்ற இடம் தளர்ச்சி. இழைகளுக்கு நடுவே காற்றும் சிக்கியிருக்கும். தளர்ந்த வழியில் நீர் முதலில் நுழையும், நுழைந்த வழியிலேயே தொடர்ந்து ஓடும். அப்படியே விட்டால் நிறம் திட்டுத்திட்டாக நிற்கும். ஒரு வழி நிலைப்பதற்குள் அதைக் கலைத்துவிடுவதுதான் திருப்பும் கையின் வேலை.

இதே தொல்லை சர்க்கரை ஆலையிலும் இருந்தது. கரித்தூள் நிரம்பிய உருளையில் தங்கிய கெட்டியான பாகை நீர் விட்டுத் தள்ளும்போது, நீர் ஒரே மட்டமாக நகராமல் விரல்விரலாகப் பாகைத் துளைத்துக்கொண்டு ஓடியது. 1952இல் ஹில் என்ற ஆய்வாளர் அதை ஆராய்ந்தார். 1958இல் சாஃப்மன், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் அதன் கணிதத்தைத் தெளிவாக்கினார்கள். பட்டுச் சிட்டம் வேறு, சர்க்கரைப் பாகு வேறு என்று ஒருவர் மறுக்கலாம். சாயநீரும் வெறும் நீரும் கெட்டித்தன்மையில் அதிகம் வேறுபடுவதில்லை என்பதால் மறுப்பில் உண்மை இருக்கிறது: இங்கே வழி பிரிவதற்குக் காரணம் நூலின் ஏற்றத்தாழ்வான நெருக்கம். ஆனால் பட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. சாயத்தை நூலே இழுத்துக்கொள்கிறது. முதலில் நனைந்த இழை தன் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டால் பின்னால் நனைவதற்கு மிச்சம் குறைவு. ஓட்டத்தின் சிறு பிழையை இந்த ஈர்ப்பு பெரிதாக்கி, கழுவினாலும் போகாத கறையாக நிறுத்திவிடுகிறது.

செயற்கைச் சாயம் வந்து இந்தத் திறமையைத் தேவையற்றதாக்கிவிட்டது என்ற பேச்சும் உண்டு. 1856இல் வேதியியலாளர் பெர்க்கின் லண்டனில் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதை முதலில் ஏற்றுப் புகழ்பெற்ற துணிகளில் பட்டும் ஒன்று. அதே 1856இல்தான் பிரான்சின் திழோன் நகரக் குடிநீர்த் திட்டத்தை எழுதிய ஆன்றி டார்சி, மணலுக்குள் நீர் ஓடும் விதியை வெளியிட்டார். கொம்பரக்கின் சிவப்பும் அவுரியின் நீலமும் விலகி அமிலச் சாயங்கள் வந்தபோது வேலை எளிதாகவில்லை. இவை சூட்டிலும் அமிலத்திலும் சட்டென்று பற்றிக்கொள்கிறவை. சூட்டை மெல்ல ஏற்றவும், அமிலத்தைத் தவணையாகச் சேர்க்கவும் பட்டறைகள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மாறியது பக்குவம், பக்குவத்தின் தேவை மாறவில்லை.

எனக்குள்ள கவலை, நூலோடு நின்றுவிடும் இந்தக் கவனம் பற்றியது. ஆரணி கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது. பட்டறையின் கழிவுநீர் இறங்கக்கூடிய அந்த ஆற்று மணலும் டார்சி சொன்ன பொருள்தான். பருத்திச் சாயத்தோடு ஒப்பிட்டால் பட்டுச் சாயத்துக்கு உப்பு குறைவாகவே வேண்டும் என்று வாதிடலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உப்பேறிய நீர் நன்னீரைவிடக் கனமானது. மணலில் அது பரவலாக இறங்காமல் விரல்விரலாக இறங்கக்கூடியது, அதனால் சராசரிக் கணக்கு சொல்வதைவிட முந்தியே சில இடங்களில் ஆழத்தைத் தொட்டுவிடும். ஆரணியும் அடங்கும் பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஊர்களுக்காக உச்ச நீதிமன்றம் 1996இல், மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் பல கிணறுகள் உப்பாகிவிட்டிருந்தன. ஒரே தெருவில் நான்கு கிணறு நன்றாக இருக்க ஐந்தாவது மட்டும் கெடுவது உப்புநீர் இப்படி விரல்விரலாக இறங்குவதாலும் நேரலாம் என்பதால், ஒரு கிணற்று நீரைச் சோதித்துவிட்டுத் தெருவுக்கே சான்று கொடுப்பது தவறு.