கிட்டப்பார்வையரின் கண்புரையும் டோரிக் லென்ஸின் அச்சும்: பினாங்கை முன்வைத்து ஓர் ஆய்வு

மலேசியாவில் ஐம்பது வயதைக் கடந்தோரிடையே 2014ஆம் ஆண்டு நடைபெற்ற தேசியக் கண் ஆய்வில், பார்வையிழந்தோருள் 58.6 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை பெறாத கண்புரையே காரணம் எனத் தெரியவந்தது. இந்நிலையில் எத்தனை பேருக்கு அறுவை சிகிச்சை கிடைக்கிறது என்பதே முதற்கேள்வியாவது இயல்பு. ஆயினும் புரை அகன்ற கண் எவ்வளவு தெளிவாகக் காண்கிறது என்பதும் அதற்கு இணையான கேள்வியே. கிட்டப்பார்வை உள்ளவரிடம் அதற்கு விடை தருவது புரையை அகற்றியபின் கண்ணுள் வைக்கப்படும் லென்ஸின் விலையன்று, அது பொருத்தப்படும் அச்சின் துல்லியமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

கருவிழிப்படலம் பந்தைப்போல் எத்திசையிலும் ஒரே அளவில் வளையாமல் ஒரு திசையில் மட்டும் கூடுதலாக வளைந்திருப்பின், ஒளி ஒரு புள்ளியில் குவியாது. இதுவே பார்வைச் சிதறல் குறைபாடு எனப்படுகிறது. இரு திசைகளில் இருவேறு திறன் கொண்ட டோரிக் லென்ஸ் இவ்வேறுபாட்டை ஈடுசெய்கிறது. ஆனால் அது தன் அச்சிலிருந்து ஒரு பாகை விலகினால் திருத்தத்தில் ஏறத்தாழ 3.3 விழுக்காடு குறைகிறது. 10 பாகையில் மூன்றில் ஒரு பங்கும், 30 பாகையில் பயன் முழுவதும் போய்விடுகிறது. அதற்கு மேல் விலகினாலோ சிதறல் முன்னைவிடக் கூடுகிறது.

கிட்டப்பார்வையரின் கண்ணில் இவ்விலகலுக்கு வாய்ப்பு அதிகம். சராசரிக் கண்ணின் நீளம் ஏறத்தாழ 23.5 மி.மீ. எனில், மிகைக் கிட்டப்பார்வையில் அது 26 மி.மீ.யைக் கடக்கிறது. லென்ஸைத் தாங்கும் உறையும் பெரிதாக இருப்பதால், உறை இறுகிப் பற்றுவதற்கு முன்பே, குறிப்பாக முதல் சில மணி நேரத்திலேயே, லென்ஸ் சுழன்றுவிடக்கூடும். எனவே அறுவையின்போது கண்ணுள் செலுத்தப்பட்டு லென்ஸின் பின்புறம் தங்கிய பசைத் திரவத்தை முற்றிலும் அகற்றுவது அறுவையின் கடைசி நிமிடங்களில் தவிர்க்கவியலாத கடமையாகிறது. படுத்த நிலையில் கண் சில பாகை சுழல்வதுண்டு. ஆகவேதான் நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, நேரே நோக்கச் செய்து, கருவிழியின் ஓரத்தில் மையால் குறியிடுகின்றனர். கைவினை போலத் தோன்றும் இச்சிறு செயலில் ஏற்படும் சில பாகைப் பிழையை எவ்வளவு உயர்தர லென்ஸாலும் ஈடுகட்டவியலாது.

அளவீட்டிலும் தனிக்கவனம் தேவை. வெகுகாலம் ஒட்டுவில்லை அணிந்தவர் அதை முன்கூட்டியே நிறுத்தாவிடில், கருவிழியின் உண்மை வடிவம் கருவிக்குப் புலப்படாது. பினாங்கு போன்ற நிலநடுக்கோட்டுக்கு அண்மையான துறைமுக நகரில், வெயிலில் உழைத்த துறைமுகத் தொழிலாளரிடமும் மீனவரிடமும் கண்ணின் வெண்பகுதியிலிருந்து கருவிழியின்மேல் சதை வளர்ந்திருக்கக்கூடும். அச்சதை கருவிழியின் கிடைத்திசை வளைவைத் தட்டையாக்கிப் பொய்யான சிதறலைக் காட்டுவதால், பெரிதாக வளர்ந்திருப்பின் அதை அகற்றிக் கருவிழி நிலைபெற்ற பிறகே டோரிக் லென்ஸைக் கணக்கிடுதல் முறையாகும். முன்பக்கத்தை மட்டும் அளந்து, கருவிழியின் பின்பக்க வளைவை விட்டுவிடுவதும் பிழைக்கு வழிவகுக்கும்.

கண்ணாடியால் திருத்தக்கூடிய குறைக்கு இத்தனை முயற்சி ஏன் என்ற மறுப்பு எழலாம். கண்ணாடியின்றி அருகில் படிப்பது கிட்டப்பார்வையர் வாழ்நாள் முழுதும் துய்த்த வசதி. பலர் அறுவைக்குப் பின்னும் அதையே விரும்புவர். அவர்களுக்காக ஏறத்தாழ இரண்டு டயாப்டர் கிட்டப்பார்வையை வேண்டுமென்றே விட்டுவைத்தாலும், சிதறல் எஞ்சியிருப்பின் அந்த அருகுப் பார்வையும் மங்கிப்போகும். ஆகவே எந்தத் தொலைவு வேண்டும் என்பதை நோயாளியிடம் முன்பே கேட்டறிவதும், அறுவைக்கு மறுநாள் பாவையை விரித்து அச்சைச் சரிபார்ப்பதும், சுழன்றிருப்பின் உறை ஒட்டிக்கொள்ளுமுன் ஓரிரு வாரங்களுக்குள் திருப்பி நிறுத்துவதும் பினாங்கின் அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டிலும் லென்ஸின் விலையோடு சேர்ந்த சேவையாகவே கருதப்பட வேண்டும்.