பீப்பாயும் பேரேடும்

ஸ்காட்லாந்தின் வடகோடியில், கடலை ஒட்டி இருக்கிறது டூன்ரே என்ற முன்னாள் அணு ஆராய்ச்சி நிலையம். கழிவுநீரைக் கடலுக்குள் கொண்டுவிடும் சுரங்கத்தை 1950களில் வெட்டியபோது, உடைந்த பாறையை மேலே தூக்குவதற்காக 65 மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டினார்கள். சுரங்க வேலை முடிந்தது. குழி சும்மாதானே கிடக்கிறது என்று 1959 முதல் கதிரியக்கக் கழிவுகளை அதில் போடத் தொடங்கினார்கள். எதை, எவ்வளவு போட்டார்கள் என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை. 1977 மே மாதம், உள்ளே கிடந்த சோடியமும் பொட்டாசியமும் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வெடித்தது; குழியை மூடியிருந்த கான்கிரீட் பெயர்ந்தது. குழியைக் காலி செய்வதென்று 1998இல் அரசு முடிவெடுத்தபோது, உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விதான் முதலில் வந்து நின்றது.

அந்தத் தலைமுறையின் அலட்சியம் என்று இதை ஒதுக்கிவிடலாம். அது பாதி உண்மைதான். அன்று எழுதப்பட்டவையெல்லாம் உலையைக் கட்டவும் ஓட்டவும் தேவையான ஏடுகள். ஒருநாள் அதை மூடிப் பிரிக்க வேண்டும், அதற்கும் ஒரு பேரேடு வேண்டும் என்ற எண்ணம் மிகவும் பிந்தியே வந்தது.

ஜெர்மனியில் அஸ்ஸே உப்புச் சுரங்கத்தின் கதை இன்னும் மோசம். 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 கதிரியக்கக் கழிவுப் பீப்பாய்கள் அங்கே இறக்கப்பட்டன. பிற்காலத்தில் அடுக்கக்கூட இல்லை, சரிவில் உருட்டிவிட்டு மேலே உப்பைக் கொட்டினார்கள். பழைய ஏடுகளை 2009இல் மறுபடி சரிபார்த்தபோது, புளுட்டோனியம் முன்பு சொன்ன 9 கிலோ சொச்சம் அல்ல, 28 கிலோ என்று தெரிந்தது.

பாதை திரும்பியது பிரான்சில். நார்மண்டியின் மான்ஷ் கழிவுக் கிடங்கு 1969இல் திறந்தது. 1994இல் கடைசிச் சரக்கு வந்தபோது 5,27,000 கன மீட்டர் கழிவு சேர்ந்திருந்தது. அதை 300 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்பது கணக்கு. சீசியம்–137 சுமார் 30 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். பத்து முறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். சரி, 300 ஆண்டுகளுக்கு எதில் எழுதி வைப்பது? ஃபிளாப்பி தட்டைப் படிக்கக் கருவி கிடைக்காமல் அலையும் காலம் இது. கிடங்கின் நிர்வாகமான ஆண்ட்ரா தேர்ந்தெடுத்தது காகிதத்தை. ஆனால் சாதாரணக் காகிதத்தை அல்ல. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய தொடர்கதைத் தொகுப்பைத் தொட்டவர்களுக்குத் தெரியும், மரக்கூழ்த் தாளில் உள்ள அமிலம் அதையே தின்று பழுப்பாக்கிப் பொடியாக்கிவிடும். ஆகவே அமிலம் நீக்கிய நீடுகாலத் தாளில் அச்சிட்டு, ஒரு படியைக் கிடங்கிலும் இன்னொன்றைத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் வைத்தார்கள். விவரமான ஆவணங்கள் நிபுணர்களுக்கு. சுற்றுவட்டார ஊராட்சிகளுக்கும் நில விற்பனையைப் பதியும் நோட்டரிகளுக்கும் தனியே ஒரு சுருக்கம். நிலத்தை வாங்கப்போகிறவரை நினைத்து எழுதியது என்பதால், அந்தச் சுருக்கம்தான் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

ஏடு இருந்தால் மட்டும் போதுமா? அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடத்தில் திரவக் கழிவை உறிஞ்ச, வீட்டுப் பூனைகளின் மலத்தட்டில் இடும் பூனை மணலைப் போடுவது வழக்கம். அது களிமண் போன்ற கனிமப் பொருளாக இருக்க வேண்டும். திருத்தி எழுதிய செயல்முறை ஏட்டில் ‘இன்ஆர்கானிக்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்கானிக்’ என்று இருந்தது. கோதுமையில் செய்த பூனை மணல் நைட்ரேட் உப்போடு சேர்ந்து பீப்பாய்க்குள் போனது. நியூ மெக்சிகோவில் 650 மீட்டர் ஆழத்தில் உள்ள கழிவுக் கிடங்கில், 2014 பிப்ரவரி 14 அன்று அந்தப் பீப்பாய் சூடேறி வெடித்தது. கிடங்கில் மறுபடி கழிவு இறக்க 2017 ஜனவரி ஆயிற்று.

அதே 2017இல், டூன்ரேக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணத் தொலைவில் உள்ள விக் நகரில், பிரிட்டனின் 17 அணு நிலையங்களின் ஆவணங்களை ஒரே கூரையின் கீழ்ச் சேர்க்க ‘நியூக்ளியஸ்’ காப்பகம் திறக்கப்பட்டது. 16ஆம் நூற்றாண்டு முதலான கெய்த்னஸ் மாவட்டப் பழைய ஏடுகளும் அதே கட்டடத்தில்தான் இருக்கின்றன.