கீல் பலகை சிக்கிக்கிச்சா? பாய்மரப் படகில் கொட்டலசு ஒட்டாமல் தடுக்க சில வழிகள்!

ஏற்காடு ஏரியில் போட்டிங் போயிருக்கீங்களா? கரையில் கட்டியிருக்கும் படகின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வழவழன்னு பச்சைப் பாசி கையோடு வரும். துணியால் தேய்த்தால் போய்விடும். அதே படகைச் சென்னைத் துறைமுகத்தில் சில வாரங்கள் கட்டிவைத்தால் கதையே வேற! பாசியோடு, கையைக் கிழிக்கும் வெள்ளை ஓடுகளும் முளைத்திருக்கும். அதுதான் கொட்டலசு. ஆங்கிலத்தில் பார்னக்கிள்.

சேர்வராயன் மலையில் இருப்பது நன்னீர் ஏரி. கொட்டலசுக்கு உப்புத்தண்ணீர் வேண்டும். அதனால் ஏரியில் பழகிவிட்டு, கடலில் பாய்மரப் படகு ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் இந்த எதிரியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

எப்படி ஒட்டுது?

பார்க்க சிப்பி மாதிரி இருந்தாலும், கொட்டலசு இறால், நண்டு குடும்பத்தைச் சேர்ந்தது. படகு கடலில் இறங்கிய சில மணி நேரத்திலேயே நுண்ணுயிர்கள் மெல்லிய வழவழப்பான படலம் போடும். பிறகு பாசி வரும். நீந்தித் திரியும் கொட்டலசுக் குஞ்சு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, தன் பசையால் தலைகீழாக ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான், ஆயுசுக்கும் அங்கேதான் வாசம்!

கீல் பலகைக்கு ஏன் ஆபத்து?

காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு சறுக்காமல் இருக்க, அடியில் ஒரு பலகை நீரைக் கிழித்து நிற்கும். அதுதான் கீல். சிறிய படகுகளில் இதை மேலே இழுக்கவும் கீழே இறக்கவும் முடியும். டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் ஓட்டிய லேசர் ரேடியல் படகிலும் இப்படி உருவி எடுக்கும் பலகைதான்.

பெரிய படகுகளில் இந்தப் பலகை ஏறி இறங்க, படகுக்குள் குறுகலான கூடு இருக்கும். அங்கே வெளிச்சம் இல்லை, நீரோட்டம் குறைவு, பிரஷ்ஷும் நுழையாது. கொட்டலசுக்கு சொகுசு பங்களா! ஓடு வளர்ந்து இடுக்கை அடைத்தால் பலகை சிக்கிவிடும். மேலே சிக்கினால் படகு சறுக்கும். கீழே சிக்கினால், கரைக்கு வரும்போது தரை தட்டும்.

என்ன செய்யலாம்?

* கரையேற்றுங்கள்: நம் மீனவர்கள் கட்டுமரத்தைக் கரைக்கு இழுத்து, கட்டை அவிழ்த்துக் காயவைப்பார்கள். இதைவிடச் சிறந்த வழி இல்லை.
* நல்ல தண்ணீர்: ஓட்டி முடித்ததும் பலகையை உருவி, அதையும் கூட்டின் உட்புறத்தையும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள்.
* ஏற்றி இறக்குங்கள்: கடலிலேயே நிற்கும் படகு என்றால், வாரம் ஒருமுறையாவது பலகையை முழுசாக மேலும் கீழும் இயக்குங்கள். இளம் கொட்டலசு இறுகுவதற்குள் உரசிப் போக வாய்ப்பு உண்டு.
* பெயின்ட்: ஆன்டிஃபவுலிங் பெயின்ட்டைப் பலகைக்கும், கை எட்டும் வரை கூட்டுக்கும் அடியுங்கள். பூச்சு தடித்தாலும் பலகை சிக்கும், அளவு முக்கியம். அலுமினியப் பலகையில் தாமிரம் கலந்த பெயின்ட் வேண்டாம், உலோகம் அரித்துவிடும்.
* சுரண்டும்போது: கையுறை கட்டாயம். ஃபைபர் பலகைக்கு இரும்புக் கரண்டி வேண்டாம், பிளாஸ்டிக் அல்லது மரச்சில்லு போதும். சிக்கிய பலகையை முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள்.

பெயின்ட்டிலும் விஷம்

ஒருகாலத்தில் டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயின்ட் பிரபலம். பிரான்ஸின் ஆர்காஷோன் விரிகுடாவில் அது சிப்பிப் பண்ணைகளையே நாசமாக்கியது. 1982-ல் சிறிய படகுகளுக்கு பிரான்ஸ் தடை போட்டது. 2008-ல் சர்வதேசத் தடையும் அமலுக்கு வந்தது. எனவே டப்பாவில் என்ன கலந்திருக்கிறது எனப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஒட்டி வந்த விருந்தாளி

அடிப்பாகத்தைச் சுத்தம் செய்வது நம் படகுக்காக மட்டும் இல்லை. எண்ணூரில் மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று அழைக்கும் சிப்பி, மத்திய, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. கப்பல்கள் மூலம் வந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆற்றின் அடித்தரையைப் போர்வைபோல மூடி, இறால் பிடிப்பவர்களின் பிழைப்பில் கைவைத்துவிட்டது. ஒரு நீர்நிலையில் ஒட்டியதை இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதற்கு இதுவே பாடம்.

ஏரியோ கடலோ, கழுவிக் காயவைத்த பிறகே அடுத்த தண்ணீரில் இறக்குங்கள். பத்து நிமிஷ வேலைதான், பாஸ்!