பேங்க் கவுன்ட்டர் டு ஃபின்டெக் கோடிங்... வேலையை விடும் முன் இதைப் படிச்சிடுங்க!

பகல் முழுக்க பேங்க் கவுன்ட்டர். ராத்திரி 10 மணிக்கு மேல் லேப்டாப்பில் பைத்தான் கிளாஸ். ‘இந்த டார்கெட், டிரான்ஸ்ஃபர் தொல்லையெல்லாம் போதும்டா சாமி... பேசாம கோடிங் கத்துக்கிட்டு ஒரு பேமென்ட் ஆப் கம்பெனியில சேர்ந்துடலாம்’ என்ற நினைப்பு உங்களுக்கும் ஓடுதா?

பேங்க், இன்ஷூரன்ஸ், ஆடிட் ஆபீஸ், மைக்ரோ ஃபைனான்ஸ் எனப் பணம் புழங்கும் இடங்களில் இருக்கும் பலருக்கும் இந்த ஆசை உண்டு. அதில் தப்பே இல்லை. ‘பழசையெல்லாம் மறந்துட்டு ஜீரோவிலிருந்து ஆரம்பிக்கணும்’ என்று நினைப்பதுதான் தப்பு. ஃபின்டெக்கைப் பொறுத்தவரை, உங்கள் கையில் இருக்கும் பெரிய சரக்கே அந்தப் பழசுதான். எப்படின்னு பார்ப்போம்.

ஒரு டீக்குப் பின்னால்...

தேசிய பணப்பட்டுவாடா கழகம் (என்.பி.சி.ஐ) யு.பி.ஐ-யை அறிமுகப்படுத்தியது 2016-ல். 2023 ஆகஸ்ட் மாதத்தில்தான் முதல்முறையாக ஒரே மாதத்தில் 1,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டியது. பெங்களூரில் போன்பே, ரேஸர்பே, ஸெரோதா. சென்னையில் எம்2பி, பேபாலின் டெவலப்மென்ட் சென்டர் என இந்தத் துறைக்கு நம் பக்கத்திலேயே பல முகவரிகள் இருக்கின்றன.

டீக்கடையில் 15 ரூபாய்க்கு ஸ்கேன் செய்கிறீர்கள். உங்கள் ஆப், அதன் பின்னால் இருக்கும் வங்கி, என்.பி.சி.ஐ, உங்கள் கணக்கு இருக்கும் வங்கி, டீக்கடைக்காரரின் வங்கி என்று அந்த 15 ரூபாய் பல கை மாறுகிறது. இதில் ஏதாவது ஒரு கை சரியான நேரத்தில் பதில் சொல்லாவிட்டால்?

பணம் போச்சா, போகலையா என்றே தெரியாத அந்த ‘பெண்டிங்’ நிலைமைதான் ஃபின்டெக் இன்ஜினீயரின் தலைவலி. சாதாரண ஆப்பில் தப்பு நடந்தால் ஒரு போட்டோ லோடு ஆகாது. இங்கே தப்பு நடந்தால், யாரோ ஒருவரின் வாடகைப் பணம் அந்தரத்தில் நிற்கும்.

இதற்கு ரிசர்வ் வங்கி 2019-லேயே கணக்கு வைத்துவிட்டது. ஒருவருக்கு யு.பி.ஐ-யில் அனுப்பிய பணம் அவர் கணக்கில் சேரவில்லை என்றால், மறுநாளுக்குள் அது திரும்பி வர வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இப்படிப்பட்ட விதிகளைத்தான் நீங்கள் கோடாக எழுதப்போகிறீர்கள்.

உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சது இதெல்லாம்!

* டாலி: சாயங்காலம் கேஷ் 10 ரூபாய் இடித்தால்கூட வீட்டுக்குக் கிளம்ப முடியாது, இல்லையா? ஃபின்டெக்கில் இதற்குப் பெயர் ரீகன்சிலியேஷன். வங்கி அனுப்பும் ஃபைலையும் கம்பெனியின் கணக்கையும் வரிவரியாக ஒப்பிட்டு, இடிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் புரோகிராம்.

* பற்று வரவு: ஓர் இடத்தில் பற்று என்றால் இன்னோர் இடத்தில் வரவு இருந்தே ஆகணும். வாலட், லோன் ஆப் எல்லாவற்றின் அடியிலும் இந்த லெட்ஜர்தான். பி.காம் படித்தவருக்கு இது அ, ஆ மாதிரி. பல கோடர்களுக்கு இதுதான் புதுசு.

* மேக்கர் - செக்கர்: ஒருவர் போடும் என்ட்ரியை இன்னொருவர் பார்த்து ஓகே சொல்லணும். சாஃப்ட்வேரிலும் ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் சரிபார்த்த பிறகே சேர்ப்பார்கள்.

இன்டர்வியூவில் இவற்றைச் சொல்லாமல், ‘நான் மூணு மாசத்துல ஜாவா கத்துக்கிட்டேன்’ என்று மட்டும் சொன்னால், நேற்று காலேஜ் முடித்தவரோடுதான் உங்களை ஒப்பிடுவார்கள்.

அப்போ என்ன கத்துக்கணும்?

பத்து மொழிகள் வேண்டாம். ஜாவா அல்லது பைத்தான், இரண்டில் ஒன்றை உருப்படியாகப் படியுங்கள். கூடவே எஸ்.கியூ.எல், கிட், ஏ.பி.ஐ எழுதும் முறை. ஹார்வர்டின் சி.எஸ்.50, ஃப்ரீகோட்கேம்ப், என்.பி.டி.இ.எல் ஆகியவற்றில் இலவசமாகவே கற்கலாம். டிகிரியும் வேண்டும் என்பவர்களுக்கு, ஜே.இ.இ இல்லாமலே சேரக்கூடிய சென்னை ஐ.ஐ.டி-யின் ஆன்லைன் பி.எஸ் படிப்பு இருக்கிறது. அதற்குக் கட்டணம் உண்டு.

அதன் பிறகு, டூ-டூ லிஸ்ட், கால்குலேட்டர் என்று எல்லோரும் செய்வதையே நீங்களும் செய்யாதீர்கள். ஒரு குட்டி வாலட் செய்து பாருங்கள். அதில் இந்த மூன்றும் சரியாக வந்தால் தைரியமாக ரெஸ்யூமில் போடலாம்.

1. பைசா கணக்கு: பைத்தானில் 0.1 + 0.2 என்று போட்டால் 0.30000000000000004 என்று வரும். அதனால் 499.50 ரூபாயை 49950 பைசா என்று முழு எண்ணாகச் சேமிக்க வேண்டும்.

2. டபுள் கிளிக்: நெட் ஸ்லோ என்று ஒருவர் ‘பே’ பட்டனை இரண்டு முறை அழுத்தினாலும் ஒருமுறைதான் பணம் போகணும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுங்கள். அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே திருப்பி அனுப்புங்கள்.

3. ஒரே நேரத்தில் இரண்டு: கணக்கில் 500 ரூபாய்தான் இருக்கு. இரண்டு போனிலிருந்து ஒரே நொடியில் 400, 400 அனுப்பினால்? ஒன்று போகணும், இன்னொன்று நிற்கணும். டேட்டாபேஸ் டிரான்ஸாக்‌ஷன், லாக் இரண்டும் அப்போதுதான் உண்மையாகப் புரியும்.

ரேஸர்பேயின் டெஸ்ட் மோடில் நிஜப் பணம் இல்லாமலே பேமென்ட்டைச் சோதித்துப் பார்க்கலாம்.

பக்கத்துக் கதவையும் தட்டுங்க

நேராக டெவலப்பர் வேலை கிடைக்கவில்லையா? டெஸ்டிங், டெக்னிக்கல் சப்போர்ட், பிசினஸ் அனலிஸ்ட், ரீகன்சிலியேஷன் டீம் போன்ற வேலைகளில் பேங்க் அனுபவத்துக்கு மதிப்பு அதிகம். உள்ளே போய், அங்கிருந்து டெவலப்மென்ட் பக்கம் நகர்வதும் ஒரு வழிதான். சேரும்போதே ‘இங்கே டீம் மாற வாய்ப்பு இருக்கா?’ என்று கேட்டுவிடுங்கள்.

இதுல ஏமாந்துடாதீங்க!

* ‘வேலை கிடைச்ச பிறகு ஃபீஸ் கட்டலாம்’: கோர்ஸில் சேரும்போது நீட்டும் பேப்பரைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சில இடங்களில் அது உங்கள் பெயரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி தரும் கடனாக இருக்கும். பாதியில் நின்றாலும் இ.எம்.ஐ ஓடும், கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் விழும். கடனின் வட்டி, கட்டணங்களைச் சொல்லும் ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’டைக் கேட்டு வாங்குங்கள்.

* போலி அனுபவம்: ‘மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் ரெடி பண்ணித் தர்றோம்’ என்பவர்களிடமிருந்து ஓடிவிடுங்கள். உங்கள் பி.எஃப் கணக்கைப் பார்த்தாலே எங்கே வேலை பார்த்தீர்கள் என்று தெரிந்துவிடும். பணத்தைக் கையாளும் கம்பெனி, பொய் சொன்னவரை வைத்துக்கொள்ளாது.

* பாண்டு: பொதுத்துறை வங்கிகள் பலவற்றில், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டியிருக்கும். நோட்டீஸ் பீரியடையும் சேர்த்துப் பாருங்கள்.

* பி.எஃப்: கைச்செலவுக்கு எடுக்காதீர்கள். ஐந்து வருட சர்வீஸுக்கு முன் எடுத்தால் பொதுவாக வரி உண்டு. புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கம்பெனியையும் நீங்க இன்டர்வியூ பண்ணுங்க

2024-ல் பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்க் புதிய டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி தடை போட்டது ஞாபகம் இருக்கலாம். இந்தத் துறையில் ஓர் உத்தரவு வந்தால், தொழிலின் பெரும்பகுதியே நின்றுவிடலாம். எனவே, சேரப்போகும் கம்பெனிக்கு என்ன உரிமம் இருக்கிறது என்று பாருங்கள். அனுமதி பெற்ற பேமென்ட் அக்ரிகேட்டர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலேயே இருக்கிறது. ராத்திரி டியூட்டி எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும் என்பதையும் கேளுங்கள். தீபாவளி ஷாப்பிங் நேரத்தில் சர்வர் திணறினால், உங்களுக்கு லீவு இருக்காது.

முக்கியமாக, ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை இருக்கும் வேலையை விட வேண்டாம். தினமும் இரண்டு மணி நேரம் படித்தாலும், ஒரு வருடமாவது ஆகும் என்றே திட்டமிடுங்கள். ஆரம்பச் சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறையவும் வாய்ப்பு உண்டு. ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அம்மா, அப்பாவிடமோ வாழ்க்கைத்துணையிடமோ இந்தக் கணக்கை மறைக்காமல் காட்டுங்கள். ‘நல்ல வேலையை விடுறியே’ என்று பயப்படுபவர்களுக்கு, வெறும் சமாதானத்தைவிட எழுதிவைத்த கணக்கு கொஞ்சம் தைரியம் கொடுக்கும்.

இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டுமா? உங்கள் ஆபீஸில் தினமும் கையால் செய்யும் ஒரு டாலி வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கஸ்டமர் விவரம் எதுவும் இல்லாமல், வீட்டில் நீங்களே உருவாக்கிய டம்மி எண்களை வைத்து அதைப் பைத்தானில் செய்து பாருங்கள். உங்கள் முதல் ஃபின்டெக் புராஜெக்ட் அதுதான்!